ஆபீஸ் மேசையின் உயரம்

கட்டிலில் சம்மணம் போட்டு, தலையணைமேல் மடிக்கணினியை வைத்து வேலை பார்த்ததில் ஜெயந்தினியின் கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுத்துவிட்டது. கொழும்புக் கம்பெனி ஒன்றில் வேலை. எங்கெங்கோ ஹோட்டல்களில் தங்கிய வெள்ளைக்காரர்கள் எழுதும் குறைகளுக்குப் பதில் போட வேண்டும். குழாயில் சுடுதண்ணீர் வரவில்லை, மெத்தை கல்லாக இருந்தது, ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியவில்லை என்று அவர்கள் புலம்பியிருப்பார்கள். அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், கூரைத் தகரம் ஒழுகும் லயத்து வரிசை வீட்டுக் காம்பராவில், இரண்டு சுவெட்டரைப் போட்டுக்கொண்டு அவள் அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டாள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. படித்ததற்குக் கிடைத்த வேலை மன்னிப்புக் கேட்பது.

ஆனாலும் அந்த வேலையை விட அவளுக்கு மனமில்லை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்பதற்காகவே வாங்கிய வேலை அது. அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. மேற்பார்வையாளர் திலினி வீடியோவில் பார்த்துவிட்டு, பின்னால் கட்டிலும் கொடியில் துணியும் தெரிகிறதே என்று நயமாகத்தான் சொன்னாள். திங்கட்கிழமைக் கூட்டத்துக்குள் மேசை நாற்காலியோடு ஒழுங்கான இடம் இருந்தால் வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு அறையில் நாலு பெண்களோடு தங்கி, ஆபீஸிலேயே வேலை பார்க்க வேண்டும்.

அம்மா காளியாயி இதைக் கேட்ட மறுநாள், கொழுந்தெடுத்து வந்த கையோடு, ஜன்னலடியில் இருந்த தகரப் பெட்டியையும் அரிசிப் பெட்டியையும் இழுத்து மூலையில் போட்டாள். டேட்டா சிக்னல் அந்த ஜன்னலோரத்தில்தான் நிற்கும். அப்பா அழகுமுத்து, மேசையைத் தானே செய்து தருவதாகச் சொன்னார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள் அவர். தச்சு வேலை ஏதோ கைக்குத் தெரிந்த அளவுக்குச் செய்வார். எப்படி வேண்டும் என்று கேட்டார். ஆபீஸில் இருப்பது மாதிரி, அகலமாக, ஆடாமல் இருந்தால் போதும் என்றாள் ஜெயந்தினி. இடித்துப் போட்ட, கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையின் பலகைகளைக் கேட்டு வாங்கி, வேலை முடிந்து வந்த பிறகு லயத்துக் கோடியில் வைத்து அறுத்துக்கொண்டிருந்தார். பார்க்க வராதே என்றும் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை பின்னேரம் மேசை வந்தது. அப்பாவின் நெஞ்சுக்கு வந்தது.

பக்கத்துக் காம்பரா லெட்சுமி அக்கா இஸ்தோப்புத் திண்ணையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

“என்னா மாமா, கொத்து ரொட்டி கடையா போடப் போறீங்க?”

ஜெயந்தினி பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். மேசை விளிம்பு அவள் தாடையை முட்டியது. அந்தப் பக்கம் நின்ற அம்மாவுக்கு அவள் தலை மட்டும்தான் தெரிந்திருக்கும். நாளை ஒரு நாள்தான் இருக்கிறது. கழுத்து வலி, குளிர், திலினி, வெள்ளவத்தை எல்லாம் சேர்ந்து வாயில் வந்தது.

“எந்த ஊர்லப்பா மேச இந்த ஒசரத்துல இருக்கு? உக்காந்து வேல செய்யத்தானே கேட்டேன். இதுல ஏறி நின்னு கொடியா ஏத்துறது?”

அழகுமுத்து பலகையைத் தடவிக்கொண்டே நின்றார்.

“நீ ஆபீஸ் மேசதானே கேட்ட பாப்பா. நம்ம ஆபீஸ்ல இந்த ஒசரந்தான். சரியா இங்கன வரும்” என்று நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார்.

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. தோட்டத்து ஆபீஸ். கம்பி வலை போட்ட ஜன்னல், அதன் அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகை. லீவு கேட்க, கூரைத் தகரம் கேட்க, அவள் பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய கடிதம் கேட்க, அப்பா போய் நின்ற இடம் அது. பலகைக்கு அந்தப் பக்கம் கிளாக்கர் ஐயா எதன்மேல் வைத்து எழுதுகிறார் என்று அவர் பார்த்ததே இல்லை. எட்டிப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். இத்தனை வருடமும் ஆபீஸை வெளியே நின்றே பார்த்த ஒரு மனுசன், தன் நெஞ்சால் அளவெடுத்து மகளுக்கு மேசை செய்திருக்கிறார்.

கோபம் போகவில்லை. யார்மேல் கோபம் என்பது மட்டும் மாறிப்போனது. அவள் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள். காளியாயி பால் விடாத சாயத்தண்ணியை ஊற்றி நீட்டினாள்.

“மணல் தாள் போட்டு தேச்சி தேச்சி மனுசனுக்கு வெரலு தோல் போச்சு. ஒன் சுவெட்டர் நூலு இழுத்துரக் கூடாதாம். போயி கத்து, நல்லா கத்து.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெயந்தினி நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் போட்டு, அப்பாவை உட்காரச் சொன்னாள். கால் எல்லாம் சேறு என்றார். வேலை செய்யப்போகிறவள் நீதானே என்றார்.

“ஒங்க ஒசரந்தான் எனக்கும். நான் உக்காந்தா யாரு கோடு போடுறது?”

உட்கார்ந்தார். நாற்காலி நுனியில், கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, யாராவது எழும்பச் சொல்வார்கள் என்பதுபோல. அவள் தோளைப் பிடித்துப் பின்னால் சாய்த்தாள். பாதம் தரையில் பதிய வேண்டும், முழங்கை மடிந்து பலகைக்கு நேராக இருக்க வேண்டும் என்று போனில் படித்ததைச் சொல்லிச் சொல்லி அவர் கையை மடக்கி வைத்தாள். தேயிலைக் கறை ஏறிய உள்ளங்கை காற்றில் நின்றது. அந்த உயரத்துக்கு மேசை எவ்வளவு இறங்க வேண்டுமோ, அவ்வளவைக் காலின் அடியிலிருந்து அளந்து கரியால் கோடு இழுத்தாள்.

அப்பா விரல்களைத் தட்டிப் பார்த்தார்.

“என்னா எழுதணும்?”

“சுடுதண்ணி வராததுக்கு மன்னிச்சுக்கங்கன்னு எழுதுங்க.”

“நம்ம வீட்ல எப்ப வந்திச்சு?” என்றார். அடுப்படியிலிருந்து அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது.

வாள் போட்டு அறுத்தார்கள். லயத்துத் தரை தண்ணீர் ஓடுவதற்காக வாசல் பக்கம் சரிந்திருக்கும், மேசை ஆடியது. வெட்டிய துண்டில் ஒரு சில்லைச் செதுக்கி அடியில் கொடுத்ததும் நின்றது. மிச்சத் துண்டுகளை ஆணி அடித்துச் சேர்த்து, குளிர்ந்த சிமெந்தில் கால் படாமல் இருக்க ஒரு மணை ஆக்கினார். மடிக்கணினிக்கு அடியில் பிஸ்கட் டின்னை வைத்ததும் திரை கண்ணுக்கு நேராக வந்தது. சிநேகிதி சர்மிளா தந்த தனிக் கீபோர்டை முன்னால் வைத்துக்கொண்டாள். மேசையை ஜன்னலைப் பார்க்கப் போட்டார்கள். உட்கார்ந்தாள். கழுத்து சும்மா இருந்தது.

சற்று நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே அப்பா வந்து நின்றார். கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மற்றக் கை ஜன்னல் கட்டையில். தலையைக் கொஞ்சம் சாய்த்து, எல்லாம் சரியா என்று மெதுவாகக் கேட்டார்.

ஜெயந்தினி அவரையே பார்த்தாள். ஜன்னல் கட்டை அவர் நெஞ்சளவில் இருந்தது. தொப்பியைக் கழற்றியது அவருக்கே தெரிந்திருக்காது.

அவள் எழும்பிவிட்டாள்.

“அம்மா, இங்க வந்து ஒரு பக்கம் புடி. மேசய திருப்பணும்.”

இப்போதுதானே போட்டோம் என்றாள் காளியாயி.

“வெளிச்சம் மொகத்துக்கு நேர அடிக்கக் கூடாதும்மா, பக்கத்துலருந்து வரணும். கண்ணு கெட்டுரும்.”

அதுவும் உண்மைதான். மேசை சுவரைப் பார்த்துத் திரும்பியது, ஜன்னல் இடக்கைப் பக்கம் போனது, கட்டிலும் துணிக்கொடியும் கேமராவுக்கு வெளியே போயின. இனி வெளியே வந்து நின்றால் அவள் தோள்தான் தெரியும்; பேச வேண்டுமென்றால் வாசல் வழியாக உள்ளே வரவேண்டும். மூலையில் கிடந்த அரிசிப் பெட்டியை இழுத்து நாற்காலிக்கு ஒட்டிப் போட்டாள். அம்மா அவளையும் ஜன்னலையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு அரிசிப் பெட்டிமேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டாள்.

திங்கட்கிழமை கூட்டம் பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான். கவ்வாத்து வேலை முடிந்து அழகுமுத்து வந்தார். ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறார், தோள்தான் தெரிந்தது. சுற்றிக்கொண்டு வந்து, காலைக் கழுவி, வாசலில் நின்றார். அவள் பேச்சை நிறுத்தாமல், அரிசிப் பெட்டியைக் கையால் தட்டிக் காட்டினாள். சத்தம் வராமல் வந்து உட்கார்ந்தார்.

திலினி, கொழும்புக்கு வரும் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த கிழமை முழுவதுக்குமான வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று சிங்களத்தில் கேட்டாள். ஜெயந்தினி பிஸ்கட் டின்னோடு திரையைத் திருப்பினாள். என் அப்பா, இந்த மேசை அவர் செய்தது என்றாள்.

திரையில் திலினியின் முகம் தெரிந்ததும் அழகுமுத்துவின் கை தொப்பிக்குப் போனது. உடம்பு தானாக எழும்பப் பார்த்தது.

ஜெயந்தினி அவர் தோளில் கையை வைத்தாள்.

“உக்காருங்கப்பா.”