கட்டுரையில் இல்லாத ஒரு வரி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைத்துக்கொண்டு உங்கள் முன்னால் நல்ல பிள்ளை வேஷம் போட எனக்கு மனமில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா வேலையிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் போய் ஒரு கடிதத்தை மேசைமேல் விட்டெறிந்தாள்.

"இதுல கையெழுத்துப் போடணுமாம். வியாழக்கிழமை பத்து மணிக்குள்ள."

முதலில் இப்படித் தொடங்கினேன்: அவள் கண்களில் நீர் திரண்டது. தொலைவில் ஒரு ரயில்...

(அந்த வரிகளை அடித்துவிட்டேன். அக்கா அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உருளைக்கிழங்கு சீவினாள். தோலோடு பாதிக் கிழங்கும் போயிற்று. ரயில் என் கைச்சரக்கு.)

2

அக்கா ஓர் ஆய்வுக்கூடத்தில் உலையைப் பார்த்துக்கொள்பவள். அங்கே ஒருவகைச் சாயத்தைத் தண்ணீரில் கரைக்கிறார்கள். அதன் மூலக்கூறுகள் தட்டையானவை. சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கினாற்போல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளும். அந்த அடுக்குகள் ஒரே திசையில் சேர்ந்து படுக்கும். ஓடுவதென்னவோ தண்ணீர்போலத்தான், உள்ளே மட்டும் படிகத்தின் ஒழுங்கு. திரவப் படிகம் என்கிறார்கள். அதைக் கண்ணாடிமேல் கத்தியால் மெல்லிசாக இழுத்துப் பூசி, உலர்த்தி, காற்றுப் புகாத உலையில் சுட்டால், அடுக்கு குலையாமல் அப்படியே கரியாகும். தலைமுடித் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு கார்பன் ஏடு.

இரண்டு வருஷம் ஏடு திட்டுத்திட்டாகவே வந்தது. ஒருநாள், பூசிய கண்ணாடி காயுமுன்பே, மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன். அக்கா கண்ணாடிமேல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து, உள்ளே ஈரத்தாள் ஒன்றைச் செருகிவிட்டு ஓடினாள். மூன்று மணி நேரம் கழித்து வந்து, நுண்ணோக்கியில் வைத்துத் திருப்பினாள். ஏடு முழுவதும் ஒரே சமயத்தில் இருண்டது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள், ஒரே சமயத்தில் ஒளிர்ந்தது. ஒரு திட்டுகூட இல்லை; எல்லா அடுக்கும் ஒரே திசையில் படுத்திருந்தால்தான் இப்படி ஆகும். மெதுவாக உலர்ந்ததில் அடுக்குகள் தாமாகவே நேராகியிருந்தன.

3

இனி தலைவர். ஆய்வுக்கூடத்தின் தலைவர். [அவருக்கும் ஒரு துக்கத்தைக் கொடு, கதை சமநிலையாக இருக்கும் என்றார் நண்பர் ஒருவர். சமநிலை வேண்டுபவர்கள் தராசுக் கடைக்குப் போகட்டும்.]

தலைவர் கட்டுரை எழுதினார். கத்தியின் வேகம், உலையின் சூடு எல்லாம் அதில் இருந்தன. டப்பா இல்லை. அக்காவும் இல்லை. மூன்று வெளி ஆய்வுக்கூடங்கள் அப்படியே செய்துபார்த்து, எங்களுக்கு வரவில்லையே என்று கேட்டன. உடனே இந்தக் கடிதம் தயாராகிவிட்டது: 'உலைக் குறிப்புகளை நான் தவறாக எழுதியதே காரணம்.' கீழே அக்கா கையெழுத்துக்கு ஒரு கோடு.

"மூடி வெச்சத அவர்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொல்லாம? அன்னைக்கே சொன்னேன். 'சரிம்மா, ஏட்ட மேசைல வெச்சிட்டுப் போங்க'ன்னாரு. தலையக்கூட நிமித்தல. நான் பேசுனது அவர் காதுல விழவேயில்லடா."

கையெழுத்துப் போட்டால் பதினெட்டு வருஷ வேலை பொய்யாகும். டப்பாவைப் பற்றி இப்போது சொன்னால், தலைவர் கட்டுரையைத் திருத்தித் தன் பெயரில் போட்டுக்கொள்வார்.

4

முடிவு அ: அக்கா கடிதத்தைக் கிழித்து அவர் முகத்தில் எறிகிறாள். (கைதட்டல் வாங்கலாம். மறுநாள் அவளுக்கு வேலை இருக்காது.)

முடிவு ஆ: கையெழுத்துப் போடுகிறாள். வெளியே மழை...

(மழையா? நாசமாய்ப் போக.)

5

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா இந்தக் காகிதங்களைப் பார்த்துவிட்டாள். நின்றபடியே படித்தாள். இரண்டாம் பகுதியில் நின்றுவிட்டாள்.

"டப்பா விஷயத்த எழுதிட்டியா?"

"கதைக்கு அது வேணும்க்கா."

"ஏன்டா, எங்கையில இருந்தது அது ஒண்ணுதான். அதையும் எடுத்து அச்சுல ஏத்தப் போறியா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? அவருக்கும் உனக்கும் என்னடா வித்தியாசம்?"

அந்தப் பகுதியை அடித்துவிடுகிறேன் என்றேன். அவள் பேனாவுக்குக் கை நீட்டினாள். அவளே அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மூணு மணி நேரம் இல்ல, ரெண்டே முக்கால். ஈரத்தாள் கூடாது, நார் விழும். துணிதான் வெச்சேன். எழுதறதுன்னா ஒழுங்கா எழுது." ஓரத்தில் தேதியைக் குறித்தாள், அந்தக் காய்ச்சல் நாளின் தேதி. பிறகு ஒரு வரியின் கீழே கோடு போட்டாள். பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

"இதென்ன, 'தாமாகவே நேராகியிருந்தன'? தாமா ஒண்ணும் ஆகல. நான் மூடி வெச்சேன்."

கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். என் தப்புகளை மேலே திருத்தாமல் விட்டிருக்கிறேன், நீங்களும் பாருங்கள் என்று.

பத்து மணிக்கு அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். அதை அவள் செய்தாள், அவள்தான் சொல்ல வேண்டும். தெரிந்தே ஆகவேண்டும் என்றால் அவளிடம் போய்க் கேளுங்கள். இதுவரை யாரும் கேட்டதில்லை.