சனிக்கிழமைக்கு ஒரு செட் மட்டை

கோல்ஃப் மட்டை வாங்கப் போகிறவனுக்கு ஏதாவது ஒரு காரணம் இருக்கும். என் காரணத்தின் பெயர் யுகேந்திரன்.

அவர் என் மனைவி நிரோஷாவோடு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறவர். நல்ல மனுஷன்தான், அதுதான் எனக்கு எரிச்சல். ஒரு வருடமாக நிரோஷா சனிக்கிழமை காலைகளில் தோழி பிரமிளாவோடு பந்தடிக்கப் பயிற்சித் திடலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது பிரமிளாவுக்குக் கோலாலம்பூருக்கு மாற்றல்.

"பக்கத்துல ஆடுறதுக்கு ஒரு ஆள் வேணும். யுகேந்திரன் கேட்டுக்கிட்டே இருக்காரு," என்றாள் நிரோஷா. "நீங்க வர்றீங்களா? வர்றதுன்னா இந்தச் சனிக்கிழமைக்குள்ள சொந்தமா ஒரு செட் வாங்கிருங்க. சும்மா வந்து உட்கார்ந்து குறை சொல்றதுன்னா வேணாம்லா."

முப்பத்தொரு வருடம் தினமும் ஃபெர்ரி ஏறி அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்கு வேலைக்குப் போய் வந்தவன் நான். அப்போதெல்லாம் அவளோடு உட்கார்ந்து பேச எனக்கு நேரமில்லை. மார்ச்சில் ஓய்வு பெற்றேன். இப்போது எனக்கு நேரம் கொட்டிக் கிடக்கிறது, அவளுக்கு இல்லை. வாரத்தில் அவளுக்கென்று இருப்பது அந்த ஒரு காலைதான். அதையும் யுகேந்திரனுக்குத் தாரை வார்த்துவிட்டு, நான் வீட்டில் தனியாக ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

வியாழக்கிழமை பர்மா ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் இக்மல், முப்பது வயதிருக்கும். வாங்க என்று சொன்ன கையோடு ஒரு கேள்வி கேட்டார்.

"வலது கையா, இடது கையா அண்ணே?"

நான் முறைத்தேன். "வலதுதான். என்ன கேள்வி இது?"

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. என் அப்பா ஐயாத்துரை ரயில்வே கிளார்க். நான் இடக்கையால் ஒரு தம்ளரை நீட்டினால் வாங்க மாட்டார். கை மாற்றும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். பேனாவும் அப்படித்தான் கை மாறியது. ஐந்து வயதுக்குப் பிறகு இடக்கையால் நான் யாருக்கும் எதையும் நீட்டியதில்லை. சற்குணம் என்கிற நான் வலக்கைக்காரன். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம் அன்றைக்குத் தொடங்கியது.

இக்மல் ஒரு மட்டையை எடுத்து "இது உட் அண்ணே," என்றார். உட் என்றால் மரம்தானே? தட்டிப் பார்த்தேன், உலோகம். ஏழாம் நம்பர் மட்டையைவிட ஐந்தாம் நம்பர் தூரமாக அடிக்கும் என்றார். நம்பர் ஏறினால் தூரம் குறையுமாம். எந்த ஊர்க் கணக்கோ. தண்டு விறைப்பாக வேண்டுமா, வளைய வேண்டுமா என்றார். எனக்கெப்படித் தெரியும்? நான் விழிப்பதைப் பார்த்து, "அப்ப சீனியர் எடுங்க, வயசானவங்களுக்கு லேசா இருக்கும்," என்றார். என் தலையைப் பார்த்துத்தான் சொன்னார். சாயம் பூசி நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

பிறகு ஒரு கையுறை தந்தார். அது இடக்கைக்கு.

"தம்பி, நான் வலதுன்னு சொன்னேன்ல?"

"வலது கைக்காரங்க இடது கையிலதான் போடணும் அண்ணே."

கையுறையை இடக்கையில் மாட்டிக்கொண்டேன். கடையின் கோடியில் வலை கட்டி, தரையில் ஒரு பச்சைப் பாய் விரித்திருந்தார்கள். அதில் நின்று வீசினேன். முதல் வீச்சில் பந்து அங்கேயே இருந்தது. இரண்டாவதில் பாய் நகர்ந்தது. மட்டையை மாற்றினார், மூன்று முறை மாற்றினார். எதைக் கொடுத்தாலும் என் கைகள் அடுத்தவன் வீட்டுக் கைகள் மாதிரி நடந்துகொண்டன. பத்தாவது வீச்சில் பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு ஓர் அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்தது.

நாளை மறுநாள் சனிக்கிழமை. யுகேந்திரன் அவள் பக்கத்தில் நின்று அழகாக அடிப்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. எனக்கு அவமானமாக இருந்தது, கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையோடு கொண்டு வந்திருந்த என் குடையை எடுத்து, அதன் வளைந்த பிடியால் அலமாரிக்கடியிலிருந்து பந்தை இழுத்தேன். போய்த் தொலை என்று குடையைத் தலைகீழாகப் பிடித்து ஒரு போடு போட்டேன். பந்து பறந்து போய் வலையின் நடுவில் விழுந்தது.

"அண்ணே, அப்படியே நில்லுங்க. அசையாதீங்க," என்றார் இக்மல்.

நின்றேன். அவர் என்னைச் சுற்றி வந்தார்.

"நீங்க எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறீங்கன்னு பாருங்க. நீங்க லெஃப்ட் அண்ணே."

"யாரைப் பார்த்து என்ன பேசுறீங்க? நான் இடக்கையால ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான், எங்க உம்மா அடி பின்னிருவாங்க," என்றார் இக்மல். "ஆனா அது சாப்பாட்டுக்கு, குடுக்கல் வாங்கலுக்கு. இந்தப் பந்து என்ன சோறா அண்ணே?"

உள்ளே போய் ஒரு பையைத் தூக்கி வந்தார். கடையிலிருந்த ஒரே இடக்கைச் செட். பழையது, ஏழு மட்டைகள், மேலே ஒரு விரல் தூசி. ஏழாம் நம்பரை வாங்கிக்கொண்டு திரும்பி நின்று வீசினேன். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கையில் எதுவும் பட்டதாகவே தெரியவில்லை. பந்து வலைக்குள் கிடந்தது.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. எந்தக் கைக்காரன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கண் கலங்கியது, ஏன் என்றும் தெரியவில்லை. யுகேந்திரன் முன்னால் இப்படித் திரும்பி நிற்பதா என்று கூச்சமாகவும் இருந்தது. வாங்கிவிட்டேன். காசை மட்டும் வலக்கையால்தான் நீட்டினேன்.

சனிக்கிழமை காலை திடலில் நின்று பந்தடிக்க வரிசையாக இருபது தடுப்புகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆள், எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து, முன்னால் இருப்பவர் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். நிரோஷாவுக்குப் பின்னால் யுகேந்திரன் நின்று எனக்குக் கையசைத்தார். நிரோஷாவுக்கு முன்னால் இருந்த தடுப்பு எனக்கு. பையை வைத்தேன், ஏழாம் நம்பரை எடுத்தேன், எல்லோருக்கும் எதிர்ப்பக்கமாகத் திரும்பி நின்றேன்.

நேர் எதிரே நிரோஷாவின் முகம்.

"ஏன் ஒரு மாதிரி நிக்கிறீங்க?" என்றாள். பிறகு என் மட்டையைப் பார்த்தாள். "இடது கையா?"

"கடைக்காரர் அப்படித்தான் சொல்றாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

அவள் சிரிக்கவில்லை. "இருபத்தெட்டு வருஷமா பாத்திரம் தேய்க்கிறப்ப எந்தக் கையால தேய்க்கிறீங்க? ஆணி அடிக்கிறப்ப? நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே நீ."

"நீங்க எப்பங்க கேட்டீங்க?"

குனிந்து ஒரு பந்தை எடுத்து வைத்தேன். அவளுக்குப் பின்னால் யுகேந்திரன் அழகாக அடித்துக்கொண்டிருந்தார், பாவம், அவருக்கு அவள் முதுகுதான் தெரிந்திருக்கும்.

"சரி, அடிங்க," என்றாள் நிரோஷா. "தலையைத் தூக்கக் கூடாது. பந்தையே பாருங்க."

நான் பந்தைப் பார்க்கவில்லை.