கழுத்துப் பட்டன்

மஞ்சுளா கணவனின் சட்டைப் பட்டன்களைக் கழுத்துவரை போட்டுவிட்டாள். மேல் பட்டனைத் தொட்டாலே "இன்னாடி, கழுத்த நெறிக்கிறியா?" என்று எகிறுகிற புருஷோத்தமன், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தட்டில் காலை மாத்திரை அப்படியே கிடந்தது.

"போட்டுக்கோங்க."

"அப்பறம்."

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, படப்பையிலிருக்கும் வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து எல்லாமே அப்பறம்தான். ஒரகடத்துக் கார் ஃபேக்டரியில் அவன் வேலை செய்த லைனில் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். கோளாறு கண்டவர் யாரானாலும் இழுக்கலாம். மஞ்சள் விளக்கு எரியும், பாட்டு ஒலிக்கும், சூப்பர்வைசர் ஓடிவருவார். இழுத்தவனை யாரும் திட்டக்கூடாது. கல்யாணமான புதிதில் கையை உயர்த்தி நடித்தே காட்டியிருக்கிறான். இப்போது கோளாறு அவனுக்குள்ளேயே இருந்தும், வீட்டில் அந்தக் கை உயரவில்லை. அவளும் அவன் அமைதியை ஓய்வு என்றே நம்பினாள். பார்க்க வந்த நண்பர்களை "ரெஸ்ட்ல கீறாரு" என்று வாசலோடு அனுப்பினாள். "மனசு எப்படி இருக்கு?" என்று டாக்டர் அவனைக் கேட்டபோதுகூட, "நல்லா கீறாரு சார்" என்று இவளே முந்திக்கொண்டாள்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் விசாரித்த நர்ஸ் மதிவதனிதான் பதறினாள். "அக்கா, இது ரெஸ்ட் இல்ல. மனசு சோர்ந்தா மாத்திரை, நடை எல்லாம் விட்டுப்போவும். உடம்பு உள்ளுக்குள்ள பயந்துகினே இருக்கும். தூங்குறப்பகூட இதயத்துக்கு ஓய்வு கிடைக்காது. இன்னொரு அட்டாக்குக்கு அதுவே வழி. இதுக்கும் வைத்தியம் கீது. நாளைக்கு செக்கப்ல அவரையே பேச வுடுங்க."

இரவெல்லாம் மஞ்சுளா அவன் மூச்சையே கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

துணைக்கு லைன் நண்பன் எழிலரசனை அவளே வரச்சொல்லியிருந்தாள். ஆட்டோவில் அவன் சீண்டினான்: "தலைவரே, நீ இல்லாம லைன்ல பாட்டே கேக்கல. அவனவன் கயித்தத் தொடவே நடுங்குறான்."

புருஷோத்தமனின் உதட்டோரம் லேசாக அசைந்தது. மஞ்சுளா அதைப் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் புருஷோத்தமன் அவள் தோளில் சாய்ந்தான். பெயரைக் கூப்பிட்டார்கள்.

"தூங்குறாரு சிஸ்டர்," என்றான் எழிலரசன்.

"எழுப்பு தம்பி. இன்னைக்கி அவரே பேசணும்," என்றாள் மஞ்சுளா.

மதிவதனி சிரித்தபடி வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் அங்கேயே நின்றன. பிறகு கழுத்துக்குப் போயின. "டாக்டர்!" என்று கத்தினாள். நாலா பக்கமிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள்.

நெடுநேரம் போராடிவிட்டு மஞ்சுளாவை உள்ளே கூப்பிட்டார்கள். யாரோ சட்டையைத் திரும்ப மாட்டி, கழுத்துவரை பட்டன் போட்டிருந்தார்கள்.

மஞ்சுளா மேல் பட்டனைக் கழற்றிவிட்டாள்.