நான் வெட்டிய ஆறு பால் பாட்டில்கள்

"குழந்தைய அப்பாகிட்ட விட்டுட்டு நான் எப்படிம்மா ஆபீஸ்ல உக்காந்து வேலை பார்ப்பேன்?"

"அவர் என்ன வேணும்னா செஞ்சாரு?"

"வேணும்னு செஞ்சிருந்தா கூட பரவாயில்லம்மா. நல்லதுன்னு நெனச்சு செய்றாரு. அதான் பயமா இருக்கு."

நேற்று மதியம் எங்கள் வீட்டு சமையலறையில் என் மகளும் என் மனைவியும் பேசிக்கொண்டது இது. நான் வெளியே நடையில், அப்போதுதான் கழுவிய பால் பாட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. பாட்டிலிலிருந்து தண்ணீர் சொட்டி என் கால் பெருவிரல் நனைந்துகொண்டிருந்தது. ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் பேச்சு முழுக்க என்னைப் பற்றியதாக இருக்கும்போது யாராலும் நகர முடியாது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வயது ஐம்பத்து நான்கு. பிளாஸ்டிக் வாளியும் மூடியும் செய்யும் ஒரு மோல்டிங் கம்பெனியில் இருபத்து இரண்டு வருடமாக தரம் பார்க்கும் வேலை. மெஷினிலிருந்து விழும் பொருளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பேன். குமிழி இருக்கிறதா, ஓரத்தில் பிசிறு இருக்கிறதா, நிறம் மங்கலாக இருக்கிறதா. இருந்தால் ரிஜெக்ட். ரிஜெக்ட் ஆனதை அப்படியே தொட்டியில் போடக்கூடாது, உடனே கத்தியால் இரண்டாக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஷிப்ட் மாறும் நேரத்தில் யாராவது எடுத்து நல்ல சரக்கோடு சேர்த்துவிடுவார்கள். இது எங்கள் கம்பெனி சட்டம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கற்றுக்கொண்டது. ஒரு நாள்கூட மீறியதில்லை. மீறியிருந்தால் இன்று இந்தப் பதிவை எழுத வேண்டியே இருந்திருக்காது.

பேத்திக்கு ஏழு மாதம். மகள் வரும் திங்கட்கிழமை திரும்ப வேலைக்குப் போகிறாள். என் மனைவி காலையில் தையல் கூடத்துக்குப் போய் இரண்டு மணிக்கு வருவாள். எனக்கு மூன்று மணி ஷிப்ட். ஆகவே காலை முழுக்க குழந்தை என் பொறுப்பு என்று முடிவானது. நான்தான் வலிய வந்து கேட்டேன். மகள் சின்னவளாக இருந்தபோது எனக்குத் தொடர்ந்து காலை ஷிப்ட். அவள் எழும் முன்பே போய்விடுவேன். விட்டுப்போனதை இவளிடம் பிடித்துவிடலாம் என்று ஓர் ஆசை.

ஒத்திகை பார்க்கலாம் என்று இந்த வாரம் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காலையில் குழந்தையைக் கொண்டுவந்து விடுவதாக மகள் சொன்னாள். எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று ஆறு பால் பாட்டில்களும் வாங்கி வைத்திருந்தாள்.

அந்தப் பாட்டில்களைப் பார்த்ததுமே முகம் சுளித்தேன். கஞ்சித்தண்ணீர் மாதிரி மங்கலாக இருந்தன. இந்தப் பக்கம் விரலை வைத்தால் அந்தப் பக்கம் நிழலாகத்தான் தெரிகிறது. அழுத்தினால் உள்ளே போகிறது. என் மேஜைக்கு வந்திருந்தால் அரை நொடி.

அதற்கு முந்தின வாரம்தான் கம்பெனியில் என் பக்கத்து மேஜைக்காரர் போனில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். நாங்கள் அவரை 'நியூஸ்' என்றுதான் கூப்பிடுவோம். உலகத்தில் எது நடந்தாலும் அவர் போனுக்கு முதலில் வந்துவிடும், நடக்காததும் வந்துவிடும். செய்தியின் மேலே சிவப்பு எழுத்தில், "குழந்தை குடிப்பது பாலா, பிளாஸ்டிக்கா?" என்று இருந்தது. கீழே மூன்று வரி. பால் பாட்டிலில் இருந்து ரசாயனம் கசிகிறது, குழந்தையின் வளர்ச்சிக்கு நல்லதில்லை, தாய்மார்களே எச்சரிக்கை. அதற்கும் கீழே 'மேலும் படிக்க' என்று இருந்தது. நான் மேலும் படிக்கவில்லை. நாற்பத்தொரு பேருக்கு அனுப்பினேன். அனுப்பி முடிக்கவே நேரம் சரியாக இருந்தது.

திங்கட்கிழமை காலை மகள் குழந்தையை விட்டுவிட்டுப் போனதும், மங்கல் பாட்டில் ஆறையும் வரிசையாக ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். செய்தி சொன்ன விஷம் இதில்தான் இருக்கிறது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பிறகு பரணில் ஏறினேன். என் மகள் குழந்தையாக இருந்தபோது குடித்த பாட்டில் ஒன்று அங்கே டப்பாவில் இருப்பது தெரியும். எடுத்துத் துடைத்தேன். இருபத்தெட்டு வருடம் ஆகியும் கண்ணாடி மாதிரி பளபள என்று இருந்தது. ஒரு குமிழி இல்லை, பிசிறு இல்லை. தரையில் தட்டினால் ணங் என்கிறது. அந்தக் காலத்து மோல்டிங் என்றால் மோல்டிங் என்று வாய்விட்டே சொன்னேன். கேட்க பேத்தி மட்டும்தான் இருந்தாள்.

அதன் பிறகு சட்டப்படி செய்தேன். ஆறு பாட்டில்களையும் கத்தியால் இரண்டிரண்டாக வெட்டினேன். பன்னிரண்டு துண்டுகளையும் ஒரு பையில் போட்டுக் கட்டி, பையின் மேல் பேனாவால் 'ரிஜெக்ட்' என்று எழுதினேன். கீழே தேதியும் போட்டேன்.

பேத்தியையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய் பழைய பாட்டிலுக்குப் பொருந்தும் நிப்பிள் வாங்கி வந்தேன். பரணில் கிடந்த பாட்டில் அல்லவா, சும்மா கொடுக்க முடியுமா. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் கால் மணி நேரம் வைத்தேன். கொட்டிவிட்டு இன்னொரு முறை ஊற்றினேன். உள்ளே பிரஷ் விட்டுக் கறகற என்று தேய்த்தேன். பாலையும் கொஞ்சம் தாராளமான சூட்டில்தான் ஊற்றினேன், அதிலேயே ஆறட்டும் என்று. அன்று நான் அக்கறையாகச் செய்த ஒவ்வொரு வேலையும் செய்யக்கூடாத வேலை என்பது பிறகுதான் தெரிந்தது. அக்கறை இல்லாமல் இருந்திருந்தால் பாதி தப்பு குறைந்திருக்கும்.

பேத்திக்கு அந்தப் பாட்டில் பிடிக்கவில்லை. நாக்கால் தள்ளினாள். முகத்தைத் திருப்பினாள். நான் விடவில்லை. இந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம். இரண்டு நாளும் இதே மல்லுக்கட்டு. பசித்தால் தானாகக் குடிப்பாள் என்று மனைவியிடம் பெரிய அனுபவசாலி மாதிரி சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, பசி தாங்காமல், ஒரு நிமிடம் குடித்தாள். அந்த ஒரு நிமிடத்தைப் படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். கீழே 'அன்று மகள், இன்று பேத்தி, அதே பாட்டில். பழசுதான் பாதுகாப்பு' என்று எழுதினேன். கை கூப்பும் படம் இரண்டும் போட்டேன்.

அரை மணி நேரத்தில் மகள் வாசலில் நின்றாள். செருப்பைக்கூட கழற்றவில்லை. நேராக வந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பி என்னிடம் காட்டினாள்.

"அப்பா, அடியில என்ன போட்டிருக்கு?"

முக்கோணத்துக்குள் ஏழு என்று இருந்தது. சொன்னேன்.

"ஏழுன்னா என்ன?"

எனக்குத் தெரியும். இருபத்து இரண்டு வருடமாக இந்த எண்கள் போட்ட மூட்டைகளுக்கு நடுவில்தான் டீ குடிக்கிறேன். ஐந்து என்றால் நாங்கள் மூடி செய்யும் பிளாஸ்டிக். ஏழு என்றால் மற்றவை. மற்றவை என்றால் எதுவும் இருக்கலாம்.

அவள் என் போனை எடுத்தாள். நான் நாற்பத்தொரு பேருக்கு அனுப்பிய செய்தியைத் திறந்து, 'மேலும் படிக்க' என்பதை அழுத்தி என் கையில் கொடுத்தாள். நின்றபடியே படித்தேன். பயப்பட வேண்டியது கண்ணாடி மாதிரி தெளிவாகவும் கெட்டியாகவும் இருக்கும் பழைய வகை பாட்டில்களைப் பற்றி என்று அதில் தெளிவாக இருந்தது. பெரும்பாலும் அடியில் ஏழு என்று இருக்குமாம். சூடாக எதையும் ஊற்றினால், உள்ளே கீறல் விழுந்தால், கசிவது அதிகமாகுமாம். மங்கலாக, மெத்தென்று, ஐந்து என்று போட்டிருக்கும் பாட்டில்களில் அந்த ரசாயனம் சேர்ப்பதில்லை, அதை வாங்குங்கள் என்று கடைசிப் பத்தியில் இருந்தது.

நான் அனுப்பிய நாற்பத்தொரு பேரில் என் மகளும் ஒருத்தி. அவள் ஒருத்திதான் முழுசாகப் படித்திருக்கிறாள். படித்துவிட்டுத்தான் அந்த ஆறு மங்கல் பாட்டில்களை வாங்கி வந்திருக்கிறாள்.

அவை எங்கே என்று கேட்டாள். பையைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் 'ரிஜெக்ட்' என்ற எழுத்தைப் படித்தாள், தேதியையும் படித்தாள். அவிழ்த்து ஒரு பாதியை வெளியே எடுத்தாள். அதன் அடியில் ஐந்து இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்துவாள் என்று தயாராக இருந்தேன். கத்தவில்லை.

"இத எதுக்குப்பா வெட்டுனீங்க?"

"வெட்டலைன்னா மறுபடி நல்லதோட கலந்துடும்மா."

"நல்லதே இதுதான்பா."

பழைய பாட்டிலை அவள் கண் முன்னால் வெட்டச் சொன்னாள். கத்தி இறங்கவில்லை. அவ்வளவு கெட்டி. ஆக்சா பிளேடு எடுத்து அறுத்தேன். பாதி அறுக்கும்போது, இது தன்னுடைய பாட்டில்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன், ஒன்றரை வயது வரை இதில்தான் குடித்தாய் என்றேன்.

"அப்ப உங்களுக்குத் தெரியாதில்ல," என்றாள்.

ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த 'அப்ப' என்னை விட்டுப் போகவில்லை. இப்போது தெரிந்துகொள்ள 'மேலும் படிக்க' என்ற ஒரே ஒரு இடத்தில் விரலை வைத்து அழுத்தியிருந்தால் போதும்.

புதன்கிழமை குழந்தைகள் டாக்டரிடம் போனோம். இரண்டு நாளில் ஒன்றும் ஆகியிருக்காது, பயப்படாதீர்கள், இனி அந்தப் பாட்டில் வேண்டாம் என்றார். எந்தப் பிளாஸ்டிக்கிலும் கொதிப்பதை ஊற்றாமல் வேறு பாத்திரத்தில் ஆறவைத்து ஊற்றுங்கள், கீறல் விழுந்ததைத் தூக்கிப் போடுங்கள் என்றார். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அதிலிருந்தே மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று புரிந்துகொண்டேன்.

அதோடு முடிந்திருந்தால் வீட்டில் பத்து வருடம் சொல்லிச் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். முடியவில்லை. மகள் அதே மங்கல் பாட்டில்கள் புதிதாக வாங்கி வந்தாள். பேத்தி அம்மா கொடுத்தால் குடிக்கிறாள். பாட்டி கொடுத்தால் குடிக்கிறாள். பாலை ஊற்றிக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரம்மா கையிலும் குடித்துவிட்டு ஏப்பம் விட்டாள். என் கையில் பாட்டிலைப் பார்த்தால் மட்டும் உதட்டை உள்ளே மடித்துக்கொள்கிறாள். தூக்கினால் சிரிக்கிறாள், மூக்கைப் பிடித்து இழுக்கிறாள், மடியில் தூங்குகிறாள். பாட்டில் வந்ததும் ஒருமுறை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வெளிச்சத்தில் காட்டிப் பார்க்கக்கூட இல்லை. அரை நொடி. ரிஜெக்ட். என்னை வெட்டாமல் விட்டிருப்பது அவள் கருணை.

இதற்காகத்தான் நேற்று சமையலறையில் அந்தச் சண்டை. மகளின் ஆபீஸ் பக்கத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கிறது, திங்கட்கிழமை வரை ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள். மனைவி எனக்காகப் பேசினாள். அவருக்கு ஒரு வேலை சொன்னால் சொன்னபடி செய்வார் என்றாள். சொல்லாததையும் செய்வாரே என்றாள் மகள்.

பெருவிரல் முழுக்க நனைந்த பிறகு நான் உள்ளே போனேன். நான் கேட்டுவிட்டேன் என்பது இருவருக்கும் தெரிந்தது.

"எனக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடும்மா," என்றேன்.

மகள் என் கையில் இருந்த பாட்டிலை வாங்கி, உள்ளே விரல் விட்டுப் பார்த்தாள், வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். அப்படியே நான்தான். யாரிடம் கற்றாள் என்று நான் சொல்லவில்லை.

"ஞாயிறு சாயங்காலத்துக்குள்ள உங்க கையால பாப்பா ஒரு பாட்டில் முழுசா குடிக்கணும்பா. கட்டாயப்படுத்தாம. குடிச்சா இங்க விடறேன். இல்லேன்னா அங்க சேர்த்துடுவேன், கோவிச்சுக்கக்கூடாது."

சரி என்றேன். நியாயமான பேச்சு. என் கம்பெனியில்கூட இவ்வளவு நியாயம் இல்லை.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் மூன்று முறை முயன்றேன். சட்டையை மாற்றிப் பார்த்தேன். மனைவியின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், அவள் வாய் எங்கே இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியவில்லை. மூன்றாவது முறை நிப்பிளை ஒரு நொடி வாயில் வைத்தாள். பிறகு என் முகம் ஞாபகம் வந்து துப்பிவிட்டாள். பாலைக் கிண்ணத்தில் ஊற்றி ஸ்பூனால் கொடுத்ததில் பாதி அவளுக்கும் பாதி என் சட்டைக்கும் போனது. நான் வற்புறுத்தவில்லை. இந்த முறை நிஜமாகவே வற்புறுத்தவில்லை.

உங்களில் யாராவது, ஒரு குழந்தை உங்கள் கையை வெறுத்து, பிறகு திரும்ப அதே கையில் பால் குடித்த அனுபவம் உண்டா? எப்படி வழிக்குக் கொண்டுவந்தீர்கள்? உட்கார்ந்து கொடுத்தீர்களா, நடந்துகொண்டே கொடுத்தீர்களா, எந்த வேளையில் கொடுத்தீர்கள், எத்தனை நாள் ஆனது? எனக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் எழுதுங்கள். கடைசி வரி வரை படிக்கிறேன்.