வெட்டுவதற்கு முன் ஒரு நிமிடம்

1.

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. வரும் வியாழக்கிழமை எனக்கு இரண்டாவது சிசேரியன். குழந்தையை வெளியே எடுத்ததும் தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடம் பொறுக்கலாம் என்கிறார் டாக்டர். முதல் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய், எனக்கு இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். திறந்த வயிற்றோடு ஒரு நிமிடம் என்று நினைத்தாலே அடிவயிற்றைக் கலக்குகிறது. (கலங்குவதற்கு நல்ல இடம்தான் பார்த்திருக்கிறது.)

2.

முதல் தொடக்கம்: "தாய் தன் குருதியின் கடைசித் துளிகளைக் கொடி வழியே சேய்க்கு ஊட்டி—"

எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"உன் ரத்தத்த அது எடுத்துக்குமா? உனக்கே பத்தலையே! வேண்டவே வேண்டாம், உடனே வெட்டச் சொல்லிடலாம்."

[உருக்கமாக எழுதினால் வரும் வினை.]

3.

மறுநாள் இருவருமாகப் போய்க் கேட்டோம். டாக்டர் சிரிக்கவில்லை. அதனாலேயே அந்த அம்மாளை எனக்குப் பிடிக்கும்.

"அது உங்க ரத்தம் இல்லம்மா, குழந்தையோடதுதான். நஞ்சுக்கொடியில கொஞ்சம் தங்கியிருக்கும். பொறுத்தா வீடு வந்து சேரும். பின்னாடி குழந்தைக்கு இரும்புச்சத்து குறையாம இருக்க உதவும்."

"அதுவரைக்கும் இவளுக்கு ரத்தம் போய்க்கிட்டே இருக்காதா?" என்றார் இவர்.

"நாங்க கையக் கட்டிக்கிட்டு நிக்கமாட்டோம் சார். ரத்தம் வர்ற இடத்தப் பிடிச்சு அடைச்சுக்கிட்டேதான் இருப்போம். பொறுத்ததால அம்மாவுக்கு அதிகமாப் போச்சுன்னு பெரும்பாலான ஆராய்ச்சிகள்ல தெரியல."

"ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்களேன் டாக்டர்" என்றேன்.

"அத மட்டும் சொல்லமாட்டேன். உங்களுக்கு ரத்தம் கூடினாலோ குழந்தை துவண்டு இருந்தாலோ, அந்த நொடியே வெட்டிடுவேன். இதச் சொல்றேன், நம்புங்க."

நம்பினேன். என் பிரதியில் ஒரு டாக்டர் "ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டேன். 'கடைசித் துளிகளும்' அவரோடு போயின.

4.

கைவசம் முடிவுகள் இரண்டு.

ஒன்று: என் வயிற்றை மறைத்துக் கட்டிய திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸ் சத்தமாக எண்ணுகிறார். அறுபது வந்ததும் கத்தரி. அழுகை. சுபம்.

இரண்டு: இருபதிலேயே டாக்டர் "போதும்" என்கிறார். கத்தரி. அப்புறம்—

இரண்டாவதை ஒரு சோகக் கதையாகத்தான் வைத்திருந்தேன். அன்று கிளம்பும்போது டாக்டரிடம் இதை ஒப்புக்கொண்டேன்.

"இருபதுல நிறுத்தினா அது தோல்வியாம்மா? நீங்க ரெண்டு பேரும் நல்லபடியா வீட்டுக்குப் போகணும், எனக்கு அவ்வளவுதான் கணக்கு."

வீட்டுக்கு வந்ததும் அந்த முடிவிலும் ஓர் அழுகையைச் சேர்த்தேன். நல்ல பலமான அழுகை.

5.

நாளை வியாழன். பிறந்த உடனே கொடி வெட்டப்பட்ட பெரியவள் சோபாவிலிருந்து குதித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை, சோபாவுக்குத்தான்.

பயம் முழுசாகப் போய்விடவில்லை. ஆனாலும் இன்று மத்தியானம் தொட்டிலைப் பூட்டி முடித்தோம். இவர் திருகாணிகளை முடுக்கினார், நான் அதிகாரம் செய்தேன்.

நாளை திரைக்கு இந்தப் பக்கம் படுத்திருப்பேன். பேனா கையில் இருக்காது. அதனால் கடைசி வாக்கியத்தை உங்களிடம் விட்டுப்போகிறேன். அவசரப்பட்டு முற்றுப்புள்ளி வைத்துவிடாதீர்கள். நர்ஸ் எண்ணும்போது நீங்களும் கூடவே எண்ணுங்கள். எது வரைக்கும் என்று டாக்டர் பார்த்துக்கொள்வார். ஒன்று, இரண்டு, மூன்று,