கஞ்சி போட்ட பை

1

இந்தக் கதையை நான் முழுதாகக் கேட்கவில்லை. அரக்கோணம் லோக்கலில் எதிர் சீட்டிலிருந்த ஓர் அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்: "எங்க சின்னம்மா வேல செஞ்ச கம்பெனில தூசு இழுக்குற மிஷினு இருந்திச்சி. அந்த மிஷின் பைக்கு இவங்க கஞ்சி போட்டுட்டாங்க. அப்பால இன்னா ஆச்சி தெரியுமா—"

செவ்வாப்பேட்டை வந்துவிட்டது. இறங்கிப் போய்விட்டார். எனக்குக் கடம்பத்தூர் வரை இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்குப் போனதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "எழுபதுகளில் திருவள்ளூர் வட்டாரத்தில் தொழில் வளர்ச்சியானது—"

வேண்டாம். கட்டுரைப் போட்டிக்கு அனுப்பலாம்.

இரண்டாவது: "சாராளின் மனதில் ஒரு புயல்—"

புயலாவது, மழையாவது. காலையில் அவள் மனதில் இருந்தது நாஷ்டாவுக்கு என்ன செய்வது என்பதுதான். கணவனுக்கு வேலை இல்லை. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

மூன்றாவது: சாராளும் முத்தம்மாவும் ஒரே காலனி. நடவு வேலை குறைந்துபோனதும், ரேடியோவுக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், சுற்றும் ஒரு கம்பெனியில் பெருக்கும் வேலைக்கு ஒன்றாகவே போய்ச் சேர்ந்தார்கள்.

இது போதும். இப்படியே போவோம்.

3

காயிலை வார்னிஷில் முக்கிக் காயப் போடுவார்கள். காய்வதற்குள் தூசு ஒட்டினால் அது குப்பைக்குத்தான். துடைப்பம் தூசைக் கிளப்பிவிடும் என்பதால் மிஷின் வாங்கினார்கள். டிரம் போன்ற உடம்பு, நீளக் குழாய், உள்ளே கெட்டித் துணியில் தைத்த வெள்ளைப் பை. தூசு பையில் தங்கும், காற்று துணி வழியே வெளியே போகும். பையை உதறலாம், துவைக்கக் கூடாது. மிஷினைக் கொண்டுவந்து வைத்தவர் இதை முத்தம்மாவிடம் மட்டும்தான் சொன்னார், மிஷின் அவள் பொறுப்பு என்பதால். சாராளுக்குப் பழைய துடைப்பமே.

சூப்பர்வைசர் பூவராகவன் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "மிஷின் வந்தப்புறம் ரெண்டு பேரு எதுக்கு? மாசக் கடைசில ஒருத்தர்தான்."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பூவராகவனை வில்லனாக்கப் பார்த்தேன். முரட்டு மீசைகூட வைத்தேன். மனிதருக்கு ஒட்டவில்லை. மேலே சொல்வதைக் கீழே சொல்கிறவர், பாவம்.)

4

திங்கட்கிழமை முதலாளி மிஷினைப் பார்க்க வருவதாக இருந்தது. சனிக்கிழமை முத்தம்மா சுரத்தில் பாதியில் வீட்டுக்குப் போய்விட்டாள். சாராள் மிஷினைத் திறந்து பார்த்தாள். பை கன்னங்கரேலென்று இருந்தது, ஓரத்தில் தையல் விட்டிருந்தது. மாற்றுப் பை பம்பாயிலிருந்து வரவேண்டும், வந்தபாடில்லை.

"இத்தப் பாத்தா மொதலாளி முத்தம்மாக்காவப் பத்தி இன்னா நெனப்பாரு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பையைச் சுருட்டி எடுத்துப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சேலைக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் அதற்கும் நடந்தது. சோடா போட்டு ஊறவைத்து, கல்லில் அடித்து, நீலம் முக்கி, கெட்டியாகக் கஞ்சி போட்டாள். காய்ந்த பிறகு கிழிசலைத் தைத்தாள். பை தானாகவே எழுந்து நின்றது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

[இங்கே ஒரு சந்தேகம். மிஷின் ஓடாவிட்டால் துடைப்பத்துக்கு வேலை உண்டு. சாராளுக்கு அது தெரியாதா? "கஞ்சியை ஊற்றும்போது அவள் மெல்லச் சிரித்—" என்று எழுதி நிறுத்திவிட்டேன். அந்தத் தையலைப் பாருங்கள். கெடுக்க நினைப்பவள் இவ்வளவு பொடித் தையலா போடுவாள்? நான் நம்பமாட்டேன்.]

5

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். திங்கட்கிழமை முதலாளி எதிரில் மிஷின் ஊரைக் கூட்டியது, ஒரு தூசைக்கூட இழுக்கவில்லை. கஞ்சி துணியின் கண்களை எல்லாம் அடைத்திருந்தது. மோட்டார் சூடேறித் தீய்ந்த வாடை கிளம்ப, முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

பூவராகவன் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"பையக் கெடுத்தது யாரு? அவ இன்னியோட நின்னுக்கலாம்."

முத்தம்மா பையை வாங்கித் தடவிப் பார்த்தாள். அந்தத் தையல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். சாராள் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள்:

"ரெண்டு பேரும் சேந்துதான் சார் தொவச்சோம்."

"நீ ஜொரத்துல படுத்துக்கினு இருந்தியே?"

"ஜொரத்தோடதான் சார் தொவச்சேன்."

"பொய் சார்!" சாராளுக்கு அழுகை வந்துவிட்டது. "அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் ஊட்டுக்கு எத்துக்கினு போனேன். தண்ணில ஊறவச்சா கஞ்சி போயிடும் சார்."

"நீ சும்மா இருடி. உன் ஊட்டுல அடுப்பு எரிய வேணாமா?"

"உன் ஊட்டுல மட்டும் இன்னா, தானா எரியுதா?"

6

முடிவு ஒன்று: கஞ்சி கரைகிறது, மிஷின் இழுக்கிறது, முதலாளி மனம் மாறி இருவரையும் வைத்துக்கொள்கிறார். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முடிவு இரண்டு: சாராள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வெளியே—

முடிவு மூன்று: முத்தம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு—

இரண்டையும் முடிக்கக் கை வரவில்லை. எனக்கு இந்த இரண்டு பெண்களின் மேலும் பிரியம் வந்துவிட்டது. பிரியம் வைத்தவன் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஆகவே பூவராகவனை எழுப்பி அனுப்பிவிட்டேன். அவர் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். ஒருத்திதான் இருக்கலாம் என்பது மேலிடத்து உத்தரவு, அதை உங்களால் மாற்ற முடியாது. யாரை அனுப்புவீர்கள்? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால் இருவரையும் உட்காரச் சொல்லுங்கள். அந்தக் கம்பெனியில் இதுவரை யாரும் அவர்களிடம் அப்படிச் சொன்னதில்லை.