இன்னும் ஒரே ஒரு கூடம்

தையற்காரி கைவினைக் கண்காட்சிக்குள் நுழைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு. நான்கு வருடம் ஆகிறது, இன்னும் வெளியே வரவில்லை. கூரியர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவள் தங்கையும் அன்று கூடப் போனாள். தங்கை நுனிப்புல் மேய்கிறவள். ஆறு கூடங்களையும் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு, வாசல் பெஞ்சில் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள். அக்கா அப்படியா? நகரத்தில் எந்தக் கண்காட்சி நடந்தாலும் போவாள். ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் ஒட்டியிருக்கும் அட்டையை உயரம், அகலம், செய்தவர், செய்த வருடம் என்று ஓர் எழுத்து விடாமல் படிப்பாள். துணி என்றால் ஓரத்தைத் திருப்பி உள்தையலைப் பார்க்காமல் நகரமாட்டாள். "தொடாதீங்கம்மா" என்று கத்தியே காவலாளிக்குத் தொண்டை கட்டிப்போகும்.

அன்று ஆறாவது கூடத்தின் கடைசி அட்டையை அவள் படித்து முடித்தபோது, சுவரில் ஏழாவது கூடத்துக்கு ஒரு வாசல் இருந்தது. அதை முடித்தபோது எட்டாவது. மாநகராட்சிப் பொறியாளர் வந்து கட்டடத்தை வெளியிலிருந்து மூன்று முறை அளந்தார். ஓர் அங்குலமும் கூடவில்லை. உள்ளே மட்டும் கரண்டிக்கு ஒன்று, மேசை விளக்குக்கு ஒன்று, கதவுக் கைப்பிடிக்கே இரண்டு என்று வாரம் ஒரு கூடமாக நீண்டுகொண்டே போனது. காவலாளிகள் சட்டைப் பொத்தான் அறுந்தால் அவளிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டார்கள். கேன்டீனிலிருந்து அவளுக்கு டீயும் ரொட்டியும் போயின. யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

தங்கைக்குத்தான் உயிர் போயிற்று. அவளை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. அக்கா சாட்சிக் கையெழுத்துப் போடாமல் திருமணப் பதிவு கிடையாது என்று, தான் கட்டிக்கொள்ளப்போகும் எலக்ட்ரீஷியனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஞாயிறுதோறும் உள்ளே நடந்துபோய்க் கூப்பிடுவாள். "இதோ வந்துட்டேன்டி, இன்னும் ஒரே ஒரு கூடம்" என்பாள் அக்கா. பதிவாளர் அலுவலகம் கொடுத்த தேதி ஏழு தடவை தவறிப்போனது. எலக்ட்ரீஷியனுக்குக் காதோரம் நரைத்தது. மனுஷனுடைய பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு. இருட்டில் என்னத்தைப் படித்துக் கிழிப்பாள் என்று ஒரு நாள் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டான்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. முப்பது வருடமாகத் தையலை விரலால் பார்த்தவளுக்கு வெளிச்சம் எதற்கு? காவலாளி பார்த்துத் தடுக்கவும் முடியாத இருட்டில் ஒவ்வொன்றையும் ஆசைதீரத் தடவிப் பார்த்தாள். ஒரு நாற்காலிக்கே ஒரு மாதம் ஆயிற்று. தலையில் அடித்துக்கொண்டு அவனே ஸ்விட்சைப் போட்டான்.

தங்கை அன்று போட்ட சத்தத்தில் பீங்கான் கூடமே அதிர்ந்தது.

"உனக்கு நான் முக்கியமா, இந்தக் கரண்டியும் சட்டியும் முக்கியமாக்கா?"

"நீதான்டி. சட்டியும்தான்," என்றாள் அக்கா, அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ சின்னப் பொண்ணா இருந்தப்போ நான் ஒரு அட்டைகூட முழுசா படிச்சதில்ல. கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருப்ப."

தங்கைக்குக் கோபம் போகவில்லை.

அடுத்த வாரம் பதிவாளரையே உள்ளே அழைத்துப் போனாள். எலக்ட்ரீஷியனும் கூட வந்தான். முட்டிவலிக்காரரான பதிவாளர் வழிநெடுக முனகியபடி காலையில் நடக்கத் தொடங்கி மதியம் போய்ச் சேர்ந்தார். அக்கா படிவத்தைப் பின்பக்கத்துப் பொடி எழுத்துவரை ஒன்றரை மணி நேரம் படித்தாள். மாப்பிள்ளையின் பிறந்த வருடத்தில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. தங்கை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு அக்கா கையெழுத்துப் போட்டு, சாட்சியின் முகவரி என்ற இடத்தில் 'இருநூற்று மூன்றாவது கூடம், இடப்பக்கச் சுவர்' என்று எழுதினாள். அதைப் பார்த்ததும் தங்கைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பதிவாளர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு முகவரியைப் படித்தார்.

"பின்கோடு போடலையேம்மா," என்றார்.